பாஸ்போர்ட்டில் ஒரு இ.சி.ஆர்.



நம்ம சதுரங்கப்பட்டினத்தில் இ.சி.ஆர். என்றால் புதுச்சேரி போகிற ரோடு. பாஸ்போர்ட்டில் அதே மூன்று எழுத்துக்கு வேறு அர்த்தம். ‘குடியேற்றச் சோதனை தேவை.’ பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்பாவைப் போலவே பிள்ளையும் கணக்கில் நின்றுவிட்டான். “சார், இவனை துபாய்க்கு டூரிஸ்ட் விசாவில் அனுப்பலாம்னு ஏஜென்ட் சொல்றாரு” என்றான். இவனும் அப்படிப் போனவன்தான். எட்டு மாதம் சம்பளமில்லாமல், கையில் காகிதமுமில்லாமல் திரும்பி வந்தான். அன்று அவன் பெயிலானபோது, “போடா, கடல் இருக்கு, பிழைச்சுக்கலாம்” என்று ஆறுதல் சொன்னவன் நான். அந்தக் கணக்கு மார்க்குக்கு இவ்வளவு எடை உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நம் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரன் எந்த விசாவும் கேட்டு வரவில்லை. துணி வாங்க வந்தான், இங்கேயே செத்தவர்களின் கல்லறைகள் கோட்டைக்குள் இருக்கின்றன. அதே கம்பெனி 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அடிமை முறை ஒழிந்த பிறகு, 1834 முதல் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். கொடுமைகள் வெளியே தெரிந்ததும் 1839இல் தடை வந்தது. 1842இல் கண்காணிக்க ஓர் அதிகாரியை வைத்து மறுபடி திறந்தார்கள். ‘புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்’ என்ற அந்தப் பதவி இன்றும் சென்னையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் பலகை மாறாமல் நிற்கும் சில அலுவலகங்களில் அதுவும் ஒன்று!

சுதந்திரத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட் என்பது அரசு மனசு வைத்தால் கொடுப்பது என்றே இருந்தது. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

1983 ஜூலையில் பக்கத்துக் கல்பாக்கத்தில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ இன்ஜினியர்கள் வந்து குடியேறினார்கள். அந்த டிசம்பரில்தான் இன்றுள்ள குடிபெயர்வுச் சட்டம் அமலுக்கு வந்தது. முன்பு பத்தாவதுக்கு மேலும் படிப்பு கேட்டார்கள், பிறகு பத்தாவது போதும் என்றானது. 50 வயது தாண்டியவர், மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்தவர் என்று வேறு சில விலக்குகளும் உண்டு.

பணமும் பட்டமும் உள்ளவர்களுக்கு வழி வேறு. அமெரிக்கா 1990இல் ஒரே சட்டத்தில் பட்டதாரிகளுக்கு எச்-1பி, முதலீட்டாளர்களுக்கு இ.பி.-5 இரண்டையும் கொண்டுவந்தது. இன்று இ.பி.-5க்குக் குறைந்தது எட்டு லட்சம் டாலர் வேண்டும். துபாயிலேயே 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் பத்து வருட கோல்டன் விசா. நம் பையன் போக நினைப்பதும் அதே துபாய்தான்.

டூரிஸ்ட் விசாவுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்ட் நுழைகிற சந்து அது. அனுமதி வாங்கிப் போனால் சம்பளம் எழுதிய ஒப்பந்தம் பதிவில் இருக்கும். விபத்தில் இறந்தாலோ முடமானாலோ பத்து லட்சம் தரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய். சந்து வழியே போனவனுக்கு இதில் எதுவும் கிடையாது.

பையனைத் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் வருகிறான், வாய்ப்பாடே தடுமாறுகிறது, பார்ப்போம். உங்கள் தெருவில் பத்தாவதில் நின்றுபோன பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அனுப்பிவையுங்கள். ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.