எம்ஜிபி: அன்றாட ஸ்போர்ட்ஸ் காரும் துருவும்

1962 செப்டம்பரில் அறிமுகமான எம்ஜிபி, பிரிட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கி அன்றாடம் ஓட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் முதன்மையானது. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஆபிங்டன் ஆலையில் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அதன் 1,798 சிசி என்ஜினில் புதுமை ஏதும் இல்லை. எம்ஜிபியை உருவாக்கிய பி.எம்.சி. நிறுவனத்தின் குடும்பக் கார்களில் ஓடிய 'பி சீரிஸ்' வகைதான் அது. நம்மூர் அம்பாசடரில் பல்லாண்டு உழைத்த 1,489 சிசி என்ஜினும் அதே வம்சம். அதனால் எந்தத் தெரு மெக்கானிக்கும் பயமின்றிக் கை வைத்தார், உதிரி பாகங்களும் மலிவாகக் கிடைத்தன. வேலை மட்டும் ஓயாது. முன்சக்கர இணைப்புகளுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். இரட்டைக் கார்புரேட்டர்களை ஒன்றுக்கொன்று இசைவாக வைக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் அதன் மின்தொடர்பு முனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

காரைக் கொன்றது என்ஜின் அல்ல, துரு. முந்தைய எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ் இருந்தது. எம்ஜிபியில் பாடியே சேஸிஸ். கூரையில்லாத காரின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்கியவை, கதவுகளுக்குக் கீழே நீளும் தகட்டுப் பெட்டிகள். குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் உள்ளே தங்கி, தகட்டை உள்ளிருந்தே அரித்தன. 1960இல் பழைய கார்களுக்கு வந்த கட்டாயத் தகுதிச் சோதனை, 1967க்குள் மூன்று ஆண்டு வயதுக் கார்களையும் எட்டியது. அதில் தேறுவதற்காக அரித்த பெட்டியின் மேலேயே புதுத் தகட்டை வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்றவர்கள் ஏராளம். விவரமானவர்கள் காந்தத்தோடு போய்ப் பார்த்தார்கள். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்தும் பார்த்தார்கள். கதவு இறுகினால் கார் நடுவில் தொய்கிறது.

அமெரிக்க விதிகளுக்காக 1974இல் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரும் உயர்த்தப்பட்டதால் வளைவுகளில் சாய்ந்தது. அழகு பார்ப்பவர்கள் ஒதுக்கியதால் இவ்வகையே மலிவாகக் கிடைத்தது. நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது லாபம்தான். பலர் பின்னர் குரோம் பம்பருக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆபிங்டன் ஆலை மூடப்பட்ட பிறகும் பழைய அச்சுக் கருவிகள் மிஞ்சின. அவற்றைத் தேடிச் சேர்த்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், 1988இல் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. உற்பத்தி நின்ற காருக்குப் புது உடம்பு கிடைப்பது அபூர்வம். பழைய என்ஜினையும் சக்கர அச்சுகளையும் அதில் பொருத்தினால் துருவின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அடுத்த ஆண்டே, பிரிட்டிஷ் திறந்த கார்களை முன்மாதிரியாகக் கொண்டு ஜப்பானின் மாஸ்டா தயாரித்த எம்எக்ஸ்-5 சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. குளிரிலும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, எண்ணெய் ஒழுகவில்லை. அவை பழசாகிச் சந்தைக்கு வரவர, அன்றாட ஓட்டம் அவற்றுக்கு மாறி, எம்ஜிபி ஞாயிற்றுக்கிழமை வண்டியானது. ஆனால் எம்எக்ஸ்-5க்கும் அதே இடத்தில்தான் நோவு: துணிக்கூரையின் மழைநீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்தால், நீர் கதவடிப் பெட்டியின் பின்முனையில் தேங்கி அரிக்கும். பழைய எம்எக்ஸ்-5 வாங்குபவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது, பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள அந்தத் தகட்டைத்தான்.