டிரெய்லர் பிரேக்: இரண்டு முறை வந்த சட்டம்

சரக்கு லாரி பிரேக் போடும்போது டிரெய்லரின் சக்கரங்கள் சுழலாமல் இறுகிப்போனால், டிரெய்லர் பக்கவாட்டில் வீசிப் பக்கத்துத் தடத்தையே அடைத்துவிடும். இதைத் தடுக்க அமெரிக்க அரசு 1975-லேயே 121-ம் எண் விதியை அமல்படுத்தியது. சக்கரம் இறுகாமல், குறிப்பிட்ட தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாமல் அது நடக்காத காரியம்.

ஆனால் கருவி தயாராக இல்லை! அக்கால மின்னணுப் பெட்டிகள் அடிக்கடி பழுதாயின, பிரேக் பிடிக்கவில்லை என்ற புகார்கள் குவிந்தன. லாரி தயாரிக்கும் பேக்கார் நிறுவனம் வழக்குப் போட, 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. உயிர் காக்க வந்த கருவியே ஆபத்தாகலாம் என்றது தீர்ப்பு. வேடிக்கைதான், ஆனால் நியாயம்.

இருபது ஆண்டு கழித்து, 1998 மார்ச் முதல் புதிய டிரெய்லர்களுக்கு ஏ.பி.எஸ். மறுபடி கட்டாயமானது. இம்முறை கோளாறைக் காட்டிக்கொடுக்க, இடப்பக்கம் பின்புறத்தில் ஒரு மஞ்சள் விளக்கும் வைக்கச் சொன்னார்கள். அது எரிந்தால் காரணம் பல நேரம் மிகச் சிறியது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தை விட்டு சென்சார் விலகியிருக்கும். பேரிங் வேலை பார்த்தவர் அதைத் திரும்பத் தள்ளி வைக்க மறந்திருப்பார். வளையத்தைத் தொடும்வரை சென்சாரைக் கையால் அழுத்தினால் போதும், சக்கரம் சுற்றும்போது தேவையான இடைவெளிக்கு அதுவே நகர்ந்துகொள்ளும்.