கங்காணியின் கைக்குள் இருந்த சனம்

தேயிலைத் தோட்டங்களை நடத்தியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் என்று எழுதுகிறார்கள். இலங்கையின் மலையகத்தில் பிறந்த எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. துரையிடம் பணமும் சட்டமும் இருந்தன. சனம், ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் இருந்தது.

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரத்துக் கிராமங்களில் ஆள் திரட்டப் போனவர் கங்காணிதான். தோட்டம் கொடுத்த முன்பணத்தோடு தன் சொந்த ஊருக்கே, தன் சாதிசனத்திடமே போவார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் குடும்பம் கடனில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாமன், மச்சான், சித்தப்பன் மகன் என்று சேர்ந்த கூட்டத்தை மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்தி வந்தார். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிழைத்து, தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு, அந்த மலையில் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆட்களைக் குடும்பத்தோடு தங்கவைத்தாக வேண்டும்; அதற்கும் கங்காணிதான் தேவைப்பட்டார்.

என் பாட்டனார், பெரிய கங்காணிக்குக் கீழிருந்த சில்லறைக் கங்காணி. விடியுமுன் தப்பு அடித்து எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடியதும், அவர் முதலில் முகங்களைத்தான் பார்ப்பார் என்று அப்பா சொல்வார். யார் இரவெல்லாம் அழுதிருக்கிறாள், யாருக்கு மாதம் நிறைந்துவிட்டது என்பதை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். சண்டை போட்ட அண்ணியையும் நாத்தனாரையும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் விடமாட்டார். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏற்றமில்லாத நிரை. "ஏம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்கு அனுப்புவார். துரைக்கு உதவியாக இருந்த சின்னத்துரைமார் தமிழ் கற்க ஒரு கையேடு அச்சாகியிருந்தது. அதன் பெயரே 'இங்கே வா'. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தை ஒரு வாரம்கூட நடத்தியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்கு நாள்தோறும் சில சதம் தலைக்காசு உண்டு. பிள்ளையின் காய்ச்சல் விட்டால் தாய் வேலைக்கு வருவாள். தாய் வந்தால் காசு வரும். பாட்டனாரின் அக்கறை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அக்கறைக்குத் தோட்டம் கூலி கொடுத்தது என்பதையும் மறைக்கமாட்டேன். வழிச்செலவு முதல் அரிசிவரை எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. கடனை ஒரு துண்டில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆட்களை மொத்தமாக மாற்றினார்கள். உறவு சொல்லி அழைத்து வந்தவரே அந்தக் கடனையும் கையில் வைத்திருந்ததால், எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.  

சனம் கங்காணியின் கைக்குள் இருந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாகப் போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் சனத்துக்குப் பழகிய மெட்டுகளில் பாடினார். 1931இல் அவர்கள் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, சனத்தை நெருங்கி அறியும், கங்காணிக்கு மட்டும் தெரிந்திருந்த வித்தை முதன்முறையாகத் தொழிலாளியின் பக்கம் வந்தது. மலையக வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் நிகழ்ச்சி இதுதான்.

தோட்டங்களின் கதை இதுவரை பெரும்பாலும் துரைமாரின் கடிதங்களிலிருந்தும் அரசாங்க அறிக்கைகளிலிருந்துமே எழுதப்பட்டிருக்கிறது. கங்காணி தன் கைப்பட எழுதிய பேரேடுகள் இன்னும் சில வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.