அறிதிறன் வானொலியும் பட்டை கடந்த குறுக்கீடும்: ஒரு வரலாற்று நோக்கு

கம்பியில்லாத் தகவல்தொடர்பின் வரலாறு அலைகளை உண்டாக்கிய வரலாறு மட்டுமன்று. அவை எல்லை கடவாமல் காத்த வரலாறுமாகும். தொடக்ககாலத் தீப்பொறி அலைபரப்பிகள் அகன்ற பட்டையில் ஆற்றலைச் சிதறடித்து, அண்டை நிலையங்களின் செய்திகளைக் குலைத்தன. 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித்தந்தி மாநாடு அவற்றைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதைத் தடை செய்தது.

எனினும், உரிமம் எல்லையை வகுக்குமேயன்றிக் கசிவைத் தடுக்காது. இதனைச் செல்பேசிக் காலம் உணர்த்தியது. இந்தியாவில் சிடிஎம்ஏ கோபுரங்கள் 869–889 மெகாஹெர்ட்ஸில் அலைபரப்பின. ஜிஎஸ்எம் கோபுரங்களோ 890 மெகாஹெர்ட்ஸ் தொடங்கிக் கைபேசிகளின் மெலிந்த அலைகளைப் பெற்றன. இடைவெளி 1 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அருகிலுள்ள கோபுரத்தின் கசிவு, தொலைவிலுள்ள கைபேசியின் அலையை அமிழ்த்தக்கூடியதாயிற்று. எல்லை நிலையானது என்பதால் நிலையான வடிப்பான்களும், ஆன்டெனாக்களுக்கிடையே போதிய இடைவெளியும் தீர்வாயின.

1999இல் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மக்வயரும் முன்வைத்த அறிதிறன் வானொலி இந்நிலையை மாற்றியது. அது பயன்படாத அலைவரிசையைக் கண்டறிந்து பயன்படுத்தும். உரியவர் திரும்பினால் விலகும். 470–590 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சிப் பட்டையில் சராசரியாக 100 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் இந்தியாவில் பயன்படாமல் உள்ளதென மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டனர். சிற்றூர்களும் தோட்டத்து வீடுகளும் பரவிக் கிடக்கும் சங்ககிரிச் சமவெளி போன்ற பகுதிகளுக்கு இணைய இணைப்புத் தர இவ்வெற்றிடம் உதவக்கூடும்.

ஆயினும், வெற்றிடத்தை அறிதல் மட்டும் போதாது. இவ்வகைக் கருவிகள் பெரிதும் கையாளும் ஓஎஃப்டிஎம் முறையில் ஒவ்வொரு குறியீடும் திடீரெனத் தொடங்கித் திடீரென முடிவதால், பக்க மடல்கள் அண்டைப் பட்டைக்குள் நீள்கின்றன. எல்லையும் இடத்துக்கு இடம் மாறுவதால் நிலையான வடிப்பான் பயன்படாது. ஓரத் துணை ஊர்திகளை அணைத்து வைத்தால் அலைக்கற்றை வீணாகும். குறியீட்டின் முனைகளை மென்மையாக்கினால் நேரம் கூடும். எதிர் அலைகளை இட்டுக் கசிவை நீக்கினால் ஆற்றல் செலவாகும். வடிப்பான் தொகுதிகளை அமைத்தால் கணக்கீடு பெருகும்.

ஆக, கட்டணமின்றிக் கிடைக்கும் தீர்வு எதுவுமில்லை. அலைபரப்பும் நிலையத்திலிருந்து தொலைவில் வாழ்பவருக்கு எட்டும் அலை முன்னரே மெலிந்தது. சிறு கசிவும் அதனைச் சிதைக்கும். ஆகவே அச்செலவை விருந்தாக வரும் கருவி ஏற்க வேண்டுமேயன்றி, உரிமையுடைய பயனர் ஏற்பது முறையன்று என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.