பாய்மரப் படகு முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப முன்

வரக்காப்பொலவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கொழும்பிலிருந்து கண்டி வீதியில் ஏறக்குறைய 57 கிலோமீற்றர் உள்ளே, இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது ஊர். இந்தப் பக்கத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் பீலிதான். தலையில் விழும் தண்ணீர் அவர்களுக்குப் பழக்கம். கால் எட்டாத தண்ணீர் பழக்கமில்லை. அப்படிப்பட்ட பிள்ளை பாய்மரப் படகோட்டப் பழகலாமா என்று கேட்டால், தாராளமாகப் பழகலாம். மொரட்டுவ, பிலியந்தலைப் பக்கம் பரந்து கிடக்கும் பொல்கொட ஏரியில் பாய்மரப் படகோட்டம் நீண்டகாலமாக நடக்கிறது. சிறுவர்களும் அங்கே பழகுகிறார்கள்.

தூரம்தான் முதல் கரைச்சல். கொழும்புக்கு பஸ், பிறகு புறக்கோட்டையிலிருந்து 101ஆம் இலக்க மொரட்டுவ பஸ் அல்லது கோட்டையிலிருந்து கரையோர ரயில். பயிற்சி காலையிலேயே தொடங்கிவிடும் என்பதால் வீட்டிலிருந்து விடியமுன் வெளிக்கிட வேண்டும். கொழும்பில் உறவினர் வீடு இருந்தால் முதல்நாளே போய்த் தங்குவது நல்லது. நித்திரை கெட்ட பிள்ளை தண்ணீரில் சொன்னதைக் கேட்காது.

இரண்டாவது கரைச்சல் பஸ்ஸால் தீராது. 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய்க் குடியேறின. சப்ரகமுவத் தோட்டச் சனங்களும் அதில் அடக்கம். மலையில் பிறந்த அந்த மனிதர்களில் சிலர் 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் நின்றார்கள். 2009 மே மாதத்தில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நந்திக்கடலை நடந்து கடந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். மீண்டும் இந்தப் பக்கம் உறவுகளிடம் வந்து சேர்ந்த குடும்பம் ஒன்று, ஏரியில் பிள்ளையை விட மாட்டோம் என்று சொன்னால் அதை அறியாமை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பது பாதுகாப்பாகிவிடாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் கால்வாசிப்பேர் வரை 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெரும்பாலான மரணங்கள் கிணறு, குளம், ஆறு, வெள்ளம் என்று அன்றாடத் தண்ணீரில் நடப்பவை. ஒழுங்கான படகு முகாமில் பிள்ளை உயிர்காப்பு அங்கி போட்டிருக்கும், பக்கத்தில் மீட்புப் படகு நிற்கும். மகா ஓயாவில் நண்பர்களோடு குளிக்கும்போது இரண்டும் இருக்காது.

முதலில் நீச்சல்

முகாமுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நீச்சலைத் தொடங்குங்கள். சில முகாம்கள் 25 அல்லது 50 மீற்றர் நீந்திக் காட்டச் சொல்லும். சில முகாம்கள் அங்கியோடு தண்ணீரில் பயப்படாமல் மிதந்தால் போதும் என்னும். வேகம் இங்கே முக்கியமில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடுவது, மல்லாந்து இரண்டு நிமிடம் மிதப்பது, உடுப்போடு தண்ணீரில் இருப்பது, மூன்றும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உடுப்பு நனைந்து உடலில் ஒட்டும்போதுதான் பல பிள்ளைகள் முதன்முறை பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் நீச்சல் தடாகத்திலேயே தீர்ந்து போகட்டும்.

ஆற்றில் பழக்க வேண்டாம். மணல் அகழ்வால் மகா ஓயாவில் பல இடங்களில் அடி குழிந்துபோயிருக்கிறது. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆளையே மூடும் ஆழம் இருக்கலாம். தோட்டப் பாடசாலை எதிலும் நீச்சல் தடாகத்தை நான் கண்டதில்லை. எனவே நகரப் பாடசாலைகளையோ கட்டணத் தடாகங்களையோதான் நாட வேண்டும். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஒரு பயிற்றுநரிடம் பேசினால் செலவு குறையும்.

கவிழ்வதும் பாடம்தான்

சிறுவர்கள் பழகுவது பெரும்பாலும் ஒப்டிமிஸ்ட் என்ற படகில். அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்த படகு இது. நீளம் ஏறக்குறைய 2.3 மீற்றர், உடற்பகுதியின் எடை 35 கிலோகிராம். ஒரே ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். பிள்ளை தனியாகவே ஓட்டும். உலகப் போட்டிகளில் 15 வயது வரை இந்தப் படகில் பங்கேற்கலாம்.

இந்தப் படகு கவிழும். முதல் நாளோ இரண்டாம் நாளோ பயிற்றுநரே வேண்டுமென்று கவிழ்க்கச் சொல்வார். கரையில் நிற்கும் பெற்றோருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அலறி, பிள்ளையையும் பயமுறுத்திவிடுவார்கள். காற்றுப் பைகள் பொருத்தியிருப்பதால் கவிழ்ந்தாலும் படகு தாழாது. பிள்ளை செய்ய வேண்டியது படகை விடாமல் பிடித்திருப்பது. அதன்பின் அடிப்பக்கம் சுற்றிப் போய், வெளியே நீட்டி நிற்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தன் எடையைப் போட்டால் படகு நிமிரும். ஏறி, கட்டி வைத்திருக்கும் வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். பாய்க்கு அடியில் அகப்பட்டால் கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சு விட இடம் கிடைக்கும். பிறகு ஒரே திசையில் பாயைத் தடவிக்கொண்டே விளிம்புக்கு வர வேண்டும். கரை கிட்ட இருக்கிறதே என்று படகை விட்டுவிட்டு நீந்தப் போவதுதான் ஆபத்து. மீட்புப் படகில் இருப்பவர் கண்ணுக்குத் தனித் தலையை விடக் கவிழ்ந்த படகு சுலபமாகத் தெரியும்.

இதை வீட்டிலேயே வாய்ப்பாடு போலச் சொல்லிப் பழக்கலாம். இன்னொன்று, பாயின் கீழ்ப்பக்கம் கிடையாக நிற்கும் தடி. அதைப் பூம் என்பார்கள். படகு திரும்பும்போது அது பக்கம் மாறும், தலை குனியாவிட்டால் அடிக்கும். "குனி" என்பது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் காதில் விழும். வரக்காப்பொலப் பிள்ளைகளுக்குச் சிங்களம் பிரச்சினையில்லை. வடக்கிலிருந்து போகும் பிள்ளைக்கு நிறுத்து, திரும்பு, குனி, கயிற்றை விடு என்ற நான்கு சொற்களையாவது முன்பே சொல்லிக் கொடுங்கள். பயம் வரும்போது செய்ய வேண்டியது கடைசிச் சொல்தான். பாய்க்கயிற்றை விட்டால் பாய் காற்றை இழந்து படபடக்கும், படகு தானாக நின்றுவிடும்.

காற்றைப் படிக்கத் தோட்டமே போதும். தை, மாசியில் இறப்பர் இலை கொட்டும்போது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று பிள்ளையைச் சொல்ல வையுங்கள். காற்றுக்குப் பெயர் வைப்பது அது போகும் திசையால் அல்ல, வரும் திசையால். கரையோரத் தமிழில் வடக்கிலிருந்து வந்தால் வாடை, தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். (கொறிக்கிற கச்சான் வேறு.) வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது அந்தக் காற்றறிவோடுதான். மலையகப் பிள்ளையின் பூட்டன்மாருக்குக் கடல் என்றால் மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த வழி மட்டுமே. அதனால் இந்தச் சொற்களை அவர்கள் புதிதாகத்தான் கேட்கப் போகிறார்கள்.

பாய்மரப் படகு வசதியானவர்களின் விளையாட்டு என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாட்டுப் பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமொன்றில்தான் முதன்முதலில் படகேறினார். இந்தியாவிலிருந்து பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர். டோக்கியோவில் 35ஆம் இடம், பரிஸில் 21ஆம் இடம். அதே 2009இல் அந்த வங்கக் கடலின் இந்தக் கரையில் எங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதை எழுதத் தேவையில்லை. ஆனால் ஹைதராபாத்தின் ஹுசைன் சாகரில் ஒரு படகுக் கழகம் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பழக்கி, தேசிய மட்டத்தில் வெல்லும் அளவுக்குக் கொண்டு வந்திருக்கிறது. படகும் அங்கியும் முகாமில் இரவலாகக் கிடைத்தால் தோட்டப் பிள்ளையும் பழகலாம். கட்டணச் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். பாடசாலை அதிபரின் கடிதம் இணைத்தால் பலம்.

கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு மீட்புப் படகு? பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, உடுப்பு மாற்றத் தனி இடம் உண்டா? இரவு தங்க வேண்டுமென்றால் பொறுப்பாளர் யார்? இடி முழக்கம் கேட்டால் உடனே எல்லோரையும் கரையேற்றுவார்களா? சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்தப் பக்கம் பின்னேரத்து இடிமழை வழக்கம், பாய்மரமோ நிமிர்ந்து நிற்கும் கம்பம். நான் பெரிதாக நினைக்கும் ஒரு கேள்வியும் உண்டு: பயிற்றுநர்கள் கடற்படையைச் சேர்ந்தவர்களா? இலங்கைப் பாய்மர விளையாட்டில் கடற்படையினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். உறவுகளைத் தொலைத்த வீட்டுப் பிள்ளை சீருடையை அங்கே திடீரென்று காணக்கூடாது. அனுப்புவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. எதுவானாலும் பிள்ளையோடு பேசி எடுங்கள்.

பையில் அதிகம் தேவையில்லை. விரைவில் காயும் நீளக்கை மேற்சட்டை, உடலோடு ஒட்டிய நீளக் காற்சட்டை, விரல் மூடிய பழைய சப்பாத்து, கயிறு கட்டிய தொப்பி, மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாரம். சங்கிலி, தோடு, காப்பு வீட்டில் இருக்கட்டும். தலைமுடியை இறுகப் பின்னிவிடுங்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் எடைக்குச் சரியானதா என்று நீங்களே பாருங்கள். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கும்போது அங்கி நாடிக்கு மேலே ஏறினால் அது பெரிது, மாற்றித் தரச் சொல்லுங்கள். "வளர்ந்து போடட்டும்" என்று பெரிதாக எடுப்பது இங்கே உதவாது.

ஆஸ்துமா, வலிப்பு, காதில் சீழ் இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை ஏரியில் இறக்காதீர்கள். கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் அதிகம் காணும் மாவட்டங்கள், அந்தக் கிருமி காயத்தின் வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகும். முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண் சிவப்பு வந்தால் பரசிட்டமோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிள்ளை ஏரித் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.