ஆயுள் சந்தா

செகண்ட் ஷிஃப்ட் விட்டு கம்பெனி பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டில் இருந்த பையன் சொன்னான்: “வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. முழுநேரமா எழுதப் போறேன்.” திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், டிப்ளமா படித்தவன். மகாராஷ்டிரத்து ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சிற்றிதழ்களில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. வெளியே நகர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. முன்சீட்டில் ஒருவர் டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் நீட்டி யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் இருக்கும் சாமியும் எழுத்துக்காரர்தான். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்று ரஞ்சன்காவ், இங்கே மகாகணபதி. பாரதத்தை ஏட்டில் எழுதிக்கொடுத்தவர் பிள்ளையார் என்பது ஊரறிந்த கதை. தன் எழுத்தாணி நிற்காதபடி சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். பொருள் புரிந்த பிறகே எழுத வேண்டும் என்று வியாசர் பதில் நிபந்தனை போட்டார். முடிச்சு விழுந்த சுலோகம் ஒன்றை அவ்வப்போது நடுவில் சொருகுவாராம். பிள்ளையார் அதை அவிழ்க்கிற நேரத்தில் அடுத்ததை மனசுக்குள் கட்டிக்கொள்வாராம். எல்லோரும் பிள்ளையாரின் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கிழவர் மூச்சு வாங்க இடம் பிடித்த சாமர்த்தியம்தான் பெரிதாகப் படுகிறது.

ஒப்பிட இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் புதுமைப்பித்தன், இன்னொருவர் மராத்தி எழுத்தாளர் வெங்கடேஷ் மாட்கூள்கர். இருவருக்கும் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் புனேயோடு தொடர்பு உண்டு. ஒருவருக்கு இந்த நகரம் கடைசி வேலை கொடுத்தது. மற்றவருக்கு முப்பது வருஷச் சம்பளம் கொடுத்தது.

புதுமைப்பித்தன் கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் நாம் அதை எப்போதும் காவியமாகவே சொல்லிக்கொள்கிறோம். கணக்காகப் பார்த்தால் இப்படி இருக்கும். பிறந்தது 1906, பி.ஏ. முடித்தது 1931, கல்யாணம் 1932. ‘மணிக்கொடி’க் காலத்தில் கதைகள் கொட்டின. 1934-ல் மட்டும் டஜன் கணக்கில் எழுதினார். பிறகு ‘தினமணி’யில் வேலை. 1943-ல் அதன் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அங்கிருந்து வெளியேறியபோது கூடவே வெளியேறி அவருடைய ‘தினசரி’க்குப் போனார். அதுவும் நிலைக்கவில்லை, அடுத்தது சினிமா. ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்கு எழுதினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி ‘வசந்தவல்லி’ எடுக்கப் பார்த்தார், கை சுட்டதுதான் மிச்சம். கடைசியில் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த தியாகராஜ பாகவதர் எடுத்த ‘ராஜமுக்தி’. அந்தப் படத்து வேலைக்காகத்தான் புனே வந்தார். மனைவி கமலாவும் குழந்தையும் திருவனந்தபுரத்தில் இருந்தார்கள், இவர் இங்கே. காசநோய் முற்றி 1948 மே மாதம் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 30-ல் காலமானார், நாற்பத்திரண்டு வயது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்றைய இந்தியாவில் சம்பளமில்லாத எழுத்தாளனின் கைக்கெட்டுகிற மருந்து இல்லை அது.

சினிமாதான் அவரைக் கொன்றது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு எதிர்ச்சாட்சி இதே புனேயில் இருக்கிறது. வெங்கடேஷின் அண்ணன் க. தி. மாட்கூள்கர் சினிமாவில்தான் சாப்பிட்டார். பாகவதரின் ஆட்கள் புனேக்கு வந்த அந்தக் காலத்தில், 1947-ல், சாந்தாராமின் ‘லோகஷாஹீர் ராம்ஜோஷி’ மூலம் மராத்திப் படவுலகில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு ‘தோ ஆங்க்கே பாரஹ் ஹாத்’ அவர் எழுதிய படம். 1955 ராமநவமியில் புனே வானொலியில் ஒலிக்கத் தொடங்கி, வாரம் ஒன்றாக 56 பாடல்கள் வந்த ‘கீத ராமாயண்’ அவருடையது, இசை சுதீர் பட்கே. படத்துக்கு எழுதிய கை இதற்கும் தயங்கவில்லை. ஆக, சினிமா ஆளைப் பொறுத்தது, இடத்தையும் பொறுத்தது. அண்ணன் மாட்கூள்கர் தன் பாஷையில், தன் வீட்டிலிருந்து, தெரிந்த மனுஷர்களுக்கு எழுதினார். புதுமைப்பித்தன் எழுதியதும் தன் பாஷைதான். ஆனால் வாடகை ஊர், எவருடைய படமோ, குடும்பம் நாலு மாகாணம் தள்ளி. ரஞ்சன்காவில் பேச்சிலர் ரூம் எடுத்து ஐந்து பேராகப் படுக்கிற நம் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தம்பி வெங்கடேஷுக்கு வருகிறேன். 1927-ல் மாட்கூள் என்ற கிராமத்தில் பிறந்தவர், மழை ஏமாற்றுகிற மாண்தேசத்துக்காரர். 1942 போராட்டத்தில் இறங்கிப் படிப்பை விட்டார். 1949-ல் ‘மாண்தேஷீ மாண்ஸ’ வந்தது, தன் ஊர் மனிதர்களைப் பற்றிய சித்திரங்கள். 1955-ல் ‘பன்கர்வாடி’. ஆடு மேய்க்கிறவர்கள் வாழும் ஒரு குக்கிராமத்துக்கு வாத்தியாராகப் போகிற இளைஞனின் கதை அது. கொஞ்சம் கொஞ்சமாகப் பையன்கள் பள்ளிக்கு வருகிறார்கள், ஊர் கூடித் தாலீம் என்கிற உடற்பயிற்சிக்கூடம் கட்டுகிறது, பிறகு பஞ்சம் வந்து ஊர் காலியாகிறது. கதை என்று சொல்ல அவ்வளவுதான். கம்பெனி போர்டுகளைப் பார்த்துக் கற்ற என் மராத்திக்குக்கூட அந்தப் புத்தகம் வழிவிட்டது. வாக்கியங்கள் சின்னது, பெயர்ச்சொற்கள் கெட்டி, உரிச்சொல்லுக்கு இடமே இல்லை. அமோல் பாலேகர் 1995-ல் இதைப் படமாக்கினார்.

‘பன்கர்வாடி’ வந்த அதே 1955-ல்தான் அவர் புனே வானொலியில் சேர்ந்தார். நிலையம் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. 1985 வரை அங்கேயே இருந்தார், கிராமத்து நிகழ்ச்சிகள்தான் வேலை. பகல் முழுக்கக் காதில் விழுந்தது, அவர் எழுதிக்கொண்டிருந்த அதே மனிதர்களின் பேச்சு. சம்பளம் என்பதைவிட இதுதான் பெரிய யோகம் என்பேன். செய்தித்தாள் ஆபீஸில் இரவெல்லாம் வெளிநாட்டுத் தந்திகளைத் தமிழாக்குகிறவனுக்கு அந்த யோகம் இல்லை. (தமிழுக்கு வானொலி வாய்க்கவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். தி. ஜானகிராமன் சென்னையிலும் டில்லியிலும் வானொலிச் சம்பளத்தில்தான் நாவல்கள் எழுதினார்.) வானொலிக்கு வெளியே மாட்கூள்கர் படம் வரைந்தார், வேட்டைக்குப் போனார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் காட்டைப் பார்க்க மட்டும் போனார். நாக்ஜிரா காட்டில் தங்கியது ஒரு புத்தகமாயிற்று. குரங்குக் கூட்டத்தில் தலைமை கைமாறுவதைச் சொல்லும் ‘சத்தாந்தர்’ 1983-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. 2001-ல் காலமானபோது வயது எழுபத்து நாலு.

இப்படி எழுதினால் ஆமை-முயல் கதை மாதிரி ஆகிவிடும். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். சுட்டவன் புனேயில் பத்திரிகை நடத்திய பிராமணன் என்று தெரிந்ததும் மராட்டிய கிராமங்களில் பிராமணர் வீடுகள் கொளுத்தப்பட்டன. மாண்தேசத்திலும் எரிந்தன. ‘ராஜமுக்தி’ வேலையாகப் புதுமைப்பித்தனின் புனே வாசமும் இந்த நாட்களை ஒட்டியதுதான். அப்போது வெங்கடேஷுக்கு இருபது வயது, அவரும் பிராமணக் குடும்பம். ஆறு மாதத்தில் சுடச்சுட எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. எந்தப் பத்திரிகையும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கும். அவர் எழுதிய ‘வாவ்டள்’ நாவல் வந்தது 1964-ல், பதினாறு வருஷம் கழித்து. எரித்தவர்கள்மேல் வெறுப்புக் கக்காமல், எரிந்தவர்களைப் புனிதர் ஆக்காமல், சூறைக்காற்று ஓய்ந்தபின் கிடக்கிற ஊரைப் பார்க்கிற நாவல். 1942-ல் தான் ஓடி ஒளிந்து திரிந்ததை ‘கோவளே திவஸ்’ என்று எழுதியது 1979-ல், முப்பத்தேழு வருஷம் கழித்து.

மாதச் சம்பளம் எழுதுவதற்கு நேரம் வாங்கித் தருகிறது என்று நினைக்கிறோம். அது தவறு, சம்பளம் நேரத்தைப் பிடுங்கத்தான் செய்கிறது, நம் பையனின் ஓவர்டைம் கணக்கே சாட்சி. அது வாங்கித் தருவது எழுதாமல் இருக்கிற உரிமையை. பதினாறு வருஷம் ஒரு தீயை மனசில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். இந்த மாத வாடகைக்காக அதைப் பாதியில் அவிழ்த்துப் போட வேண்டியதில்லை.

புதுமைப்பித்தனுக்குப் பதினாறு வருஷம் என்பது மொத்த எழுத்து வாழ்க்கையைவிட நீளம். ஆனால் அவருக்குக் காத்திருக்கத் தெரியாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முதலில், அவருக்குச் சில சமயம் காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே ‘துன்பக்கேணி’ எழுதியவர் அவர். மாட்கூள்கருக்கு அது நடக்காத காரியம். அவர் தொட்டுப் பார்த்ததை மட்டுமே எழுதுகிற ஜாதி. இரண்டாவது, 1934-ல் கொட்டிய ஆள் பத்து வருஷத்தில் தானாகவே வேகம் குறைந்துவிட்டார். 1943-ஐ ஒட்டி வந்தவை எவை என்று பாருங்கள்: ‘காஞ்சனை’, ‘சாபவிமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘செல்லம்மாள்’. எண்ணிக்கை சுருங்கி, ஒவ்வொன்றும் கனத்துப்போன காலம். ‘செல்லம்மாள்’ கதையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர் நோயாளி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த இரவு, இருபத்தெட்டு வயது வேகத்தில் எழுதக்கூடியது அல்ல. கூலி வேலையின் களைப்பு உடம்பில் இறங்கின பிறகு எழுதியது. வியாசரின் முடிச்சுச் சுலோகத்தை அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சம்பளம் போயிற்று.

‘கந்தசாமிப் பிள்ளை’யை இந்தக் கோணத்தில் மறுபடி படித்தேன். சென்னைத் தெருவில் கடவுளைச் சந்திக்கிறவர் ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். சந்தா சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு, கடவுளையும் விடவில்லை. ஆயுள் சந்தா என்றாலே யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றும். கட்டுகிறவர் சாகாத ஆள், நடத்துகிறவரோ அடுத்த மாதக் காகிதத்துக்கு வழி தெரியாதவர். எழுதிப் பிழைப்பதன் பொருளாதாரத்தை இவ்வளவு சிரித்துக்கொண்டு யாரும் சொன்னதில்லை. 2002-ல் புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. கதை எழுதி ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து.

மாட்கூள்கர் பக்கமும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். நீண்ட நாள் எழுதினால் சாதாரணமானதும் நிறைய எழுதுவோம். அவருடைய சில பிந்தைய சித்திரங்களில் வானொலிப் பேச்சின் சமதாளம் தட்டுகிறது. நன்றாக இருக்கும், மறுநாள் நினைவில் நிற்காது. தீபாவளி மலர்கள் மராத்தியில் பெரிய சந்தை, 1909-ல் ‘மனோரஞ்சன்’ தொடங்கிவைத்த வழக்கம். ஐப்பசி வந்தால் எல்லா எழுத்தாளனும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். புதுமைப்பித்தனின் தோற்ற கதையில்கூட ஒரு வரி நம்மைக் கீறிவிடும். இது விதி அல்ல, என் ருசி. ஆனால் சமதாளத்துக்கு மாட்கூள்கர் பயப்படவில்லை என்பதையும் கவனிக்கிறேன். ஒரு புத்தகம் சுமாராகப் போனால் அடுத்தது உண்டு என்ற நிதானம் அவரிடம் இருந்தது. ‘வாவ்டள்’ அந்த நிதானத்தில் விளைந்தது. தாயைப் பற்றிய ‘கருணாஷ்டக்’ வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. புதுமைப்பித்தனின் ‘அன்னை இட்ட தீ’ முடிவுபெறாத நாவலாகவே நிற்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பையனைக் கேன்டீனில் பார்த்தேன். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்து, ஒன்றே ஒன்று கேட்டேன்.

“வேலைய விட்டா முதல்ல எதை எழுதுவ?”

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். “எங்கய்யா தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தாங்கல்லா, அதை எழுதணும். ஆனா அது இன்னும் வரல அண்ணாச்சி. உக்காந்தா கோவம்தான் வருது.”

“எத்தனை வருஷமா?”

“அய்யா போயி நாலு வருஷம்.”

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். அவனுக்கு அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். ரூமில் பகலில் ஆள் இருக்காது, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சத்தமில்லாமல் கிடைக்கும், தூக்கம்தான் கெடும் என்றான். பேசினபடியே தட்டைக் கழுவப் போனான்.