தாளிசபத்திரி: தாளிப்பும் இல்லை, தாளியும் இல்லை

பிரியாணி இலைக்குத் தாளிசபத்திரி என்று பெயர் சொல்லும் வழக்கம் பரவிவிட்டது. எண்ணெயில் போட்டுத் தாளிப்பதால் அந்தப் பெயராம்! தாளிக்கும் இலை என்றால் நடுவில் சகரம் எங்கிருந்து முளைத்தது?

பாபநாசம் கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கைக்கு வரவேண்டியது காய்ந்த ஊசியிலை. காவிரிக் கிளையான குடமுருட்டிக் கரையில் முளைக்காத மரத்துடையது. இமயத்தில் ஏறத்தாழ 3000 மீட்டருக்கு மேல், பனி விழும் காடுகளில் நிற்கும் ஃபிர் மரம் அது. தாவரநூலார் முன்பு ஏபிஸ் வெப்பியானா என்றார்கள், இப்போது ஏபிஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்கிறார்கள். கத்தரிப்பூ நிறக் காய்கள் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். இலையின் அடிப்புறத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும்.

இன்னொரு கட்சி, தாளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு குறுந்தொகைக்கு ஓடுகிறது. அங்கே (104) பனி படிந்த தாளியை மாடு மேய்கிறது. மாடு மேயும் கொடி அது. ஊசியிலைக்கும் அதற்கும் என்ன உறவு? சகரத்துக்கும் அவர்களிடம் பதில் இல்லை.

வடமொழித் தாலீசமே தாளிசம். தாலம் தாளமானது, நாலிகேரம் நாளிகேரமானது. லகரம் ளகரமாவது புதிதல்ல. சகரம் மூலத்திலேயே இருக்கிறது. இலை எனும் பத்திரம் பத்திரியானதற்குச் சாதிபத்திரி துணை. அதுவோ இலையே அல்ல, சாதிக்காய்க் கொட்டையைப் போர்த்திய செந்தோல்! பெயரில் இலை இருப்பதாலேயே பொருள் இலையாகிவிடாது.

பொருள் மாறும் கதை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. மோனியர் வில்லியம்ஸ் அகராதி தாலீசத்துக்கு வேறொரு முள்மரத்தைச் சொல்கிறது. வங்காளத்தில் டாக்சஸ் மர இலை அப்பெயரில் விலைபோனது. இமயத்துத் தேவதாருவின் பெயரும் அப்படித்தான் இறங்கிவந்து, தெற்கே செம்மணத்தி மரத்தின் மேல் ஏறிக்கொண்டது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை உரை அடுக்கும் முப்பத்திரண்டு ஓமாலிகை என்னும் மணப்பொருள்களில் சரளமும் உண்டு. அதுவும் வடமலைப் பைன் மரத்தின் பெயரே. ஆக, உரைகாரர் அறிந்த வாசனைச் சரக்கிலேயே மலைமரப் பெயர்கள் கலந்துவிட்டன.

தாளிசம் தெற்கே வந்த வழிக்குத் தாளிசாதி சூரணத்தின் கணக்கைப் பாருங்கள்: தாளிசம் 1, மிளகு 2, சுக்கு 3, திப்பிலி 4, மூங்கிலுப்பு 5, ஏலமும் இலவங்கப்பட்டையும் அரையரை, சர்க்கரை 32. சரக சம்ஹிதையில் க்ஷயரோகப் பகுதியில் வரும் மருந்து இது. இருமலுக்கான இந்தப் பொடியோடுதான் சொல்லும் காவிரிக்கரைக்கு இறங்கியிருக்க வேண்டும், அடுப்பங்கரையில் பிறந்ததல்ல.